சேட்டை

சின்ன வயதில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிட "சேட்டைக்காரப் பய" என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம். அம்மாச்சியின் வெற்றிலைப் பையில் புளியங்கொட்டையை நிரப்பி வைத்தது, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியைத் தண்ணியில்லாத தொட்டிக்குள் இறக்கிவிட்டு ஊரே தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது, வாத்தியார் சைக்கிளில் காற்றைப் பிடுங்கியது என்று என் கணக்கில் நிறைய உண்டு. வெம்பக்கோட்டைப் பக்கத்தில் கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் பையன்களுக்குப் பொழுதுபோக்கு என்று வேறொன்றும் இல்லை. அடி விழும்போதும் அந்தச் சொல் விழும். ஆனால் அதில் ஒரு செல்லம் ஒட்டியிருக்கும். "சேட்டை பண்ற பிள்ளதான் நல்லாப் படிக்கும்" என்று அடித்த கையோடு அம்மாச்சியே சொல்லுவாள். அதனால் அது கெட்ட வார்த்தை என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

1998. தீபாவளிக்கு முந்தைய மாதங்கள். எனக்கு ஒன்பது வயது. அம்மாவின் தங்கை, என் சித்தி, அப்போது கல்யாணமாகாமல் எங்களோடு இருந்தாள். காலையில் ஊர் முக்குக்கு வரும் கம்பெனி வண்டியில் ஏறி வேலைக்குப் போய்விட்டு இருட்டும்போது வருவாள். அலுமினியப் பவுடர் ஒட்டிய அவள் கைகள் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளியாக மினுங்கும். ஒருநாள் சாயங்காலம் வந்தவள் முகம் கழுவாமல், சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். அம்மா துருவித் துருவிக் கேட்டபிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அந்தக் கணக்கப்பிள்ளை சேட்டை பண்றான்க்கா."

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. கணக்கு நோட்டை இடுக்கிக்கொண்டு நடக்கும் பெரிய மனுசன் யார் வெற்றிலைப் பையிலோ புளியங்கொட்டையைப் போடுகிற காட்சிதான் என் கண்ணில் வந்தது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். எதற்கு அடித்தாள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மாச்சி அடுப்படியிலிருந்து தலையை நீட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீ என்ன பண்ண?"

அடுத்த வாரத்திலிருந்து சித்தி வண்டி ஏறவில்லை. வாங்கியிருந்த முன்பணத்துக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. சித்தி வீட்டில் உட்கார்ந்து காகிதக் குழாய் உருட்ட ஆரம்பித்தாள். அதற்குக் கூலி பாதிகூடத் தேறாது. மறு வருடமே அவசர அவசரமாகச் சாத்தூர்ப் பக்கம் ஒரு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இவையெல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தமுள்ளவை என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

*

எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆலையை "தீப்பெட்டி ஆபிஸ்" என்றுதான் சொல்வார்கள். பட்டாசு ஆலை "வெடி ஆபிஸ்". பொறியியல் முடித்து சென்னையில் வேலை கிடைத்து நான் முதல்முறை ஊருக்குப் போனபோது, பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "தம்பிக்கு எந்த ஆபிஸ்ல வேல?" என்று கேட்டது அந்த அர்த்தத்தில்தான்.

வெடி ஆபிஸைப் பார்க்காதவர்களுக்கு அதன் அமைப்பைச் சொல்ல வேண்டும். ஆலை என்றதும் நீளமான ஒரு கூடம், வரிசையாக எந்திரங்கள், நூறு பேர் என்று நினைக்கத் தோன்றும். பட்டாசு ஆலை அப்படி இருக்க முடியாது. பொட்டல் காட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிறு சிறு அறைகள். ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே இத்தனை தூரம் என்று விதி உண்டு. ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்று சுவரிலேயே எழுதியிருக்கும். ஒன்று வெடித்தால் அடுத்தது வெடிக்கக் கூடாது, போகிற உயிர் குறைவாகப் போக வேண்டும் என்ற கணக்கு அது. 1884-ஆம் வருடத்து வெடிபொருள் சட்டமும், அதன் கீழ் இப்போது நடப்பிலிருக்கும் 2008-ஆம் வருடத்து விதிகளும் தூரத்தையும் எடையையும் ஆளையும் அளந்து வைத்திருக்கின்றன.

அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் அதே அமைப்பில் இன்னொன்றும் நடக்கிறது. ஒரு பெண் நாள் முழுக்க இன்னும் ஒருத்தியோடு, சில நேரம் தனியாகவே, கூப்பிட்டால் அடுத்த அறைக்குக் கேட்காத தூரத்தில் இருக்கிறாள். அறைக்கு அறை சுதந்திரமாகப் போய்வரக் கூடியவர்கள் போர்மேனும் கணக்கப்பிள்ளையும் சரக்கு எடுக்க வருபவர்களும்தான். யார் எந்த அறைக்கு, யாருக்கு எந்த வேலை, முடித்ததில் எத்தனை குரோஸ் தேறும், எத்தனை கழிவு என்று சொல்வதும் அவர்கள்தான். பெரும்பாலும் செய்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. எண்ணுகிறவனோடு சண்டை போட்டுக்கொண்டு அந்தக் கூலியை வாங்க முடியாது.

விபத்து நடந்தால் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு சொல் வரும். விதிமீறல். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியில் ஏறக்குறைய நாற்பது பேர் செத்தபோதும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் வெடித்தபோதும் செய்திகளில் அதுதான் வந்தது. அறைக்குள் அனுமதித்ததைவிடக் கூடுதல் ஆள், கூடுதல் மருந்து, மரத்தடியில் உட்கார்ந்து வேலை, உரிமம் வாங்கியவர் ஒருவர், உள்குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் வேறொருவர். விதிமீறலுக்குப் பிரிவு உண்டு, வழக்கு உண்டு, முதலில் கைதாவதற்குப் போர்மேன் உண்டு. பலன் எவ்வளவு என்பது வேறு கேள்வி. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை. கூடுதலாக ஒரு கிலோ மருந்து அறைக்குள் வந்தால் விதிமீறல். கூடுதலாக ஒரு கை வந்தால் சேட்டை.

*

மூன்று வருடங்களுக்கு முன்னால் எங்கள் அலுவலகத்தில் ஒரு வேலை என் தலையில் விழுந்தது. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் வருடச் சட்டத்தின்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஒவ்வொரு இடத்திலும் உள் குழு ஒன்று இருக்க வேண்டும், எல்லோருக்கும் பயிற்சி தர வேண்டும். எங்களுக்கு வருடா வருடம் ஆங்கிலத்தில் ஒரு வீடியோ வரும். வேறு ஜன்னலில் வேலை பார்த்துக்கொண்டே ஓடவிட்டு, கடைசியில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சான்றிதழ் வாங்கிவிடுவோம். அந்த வருடம் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும், அதாவது துப்புரவு, கேண்டீன் பெண்களுக்கும், தமிழில் நடத்தச் சொல்லியிருந்தார்கள். "நீதான் தமிழ்ல எழுதுவியே" என்று கோப்பை எனக்கு அனுப்பிவிட்டார்கள்.

பதினெட்டு ஸ்லைடு. இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன். பாலியல் துன்புறுத்தல், விரும்பத்தகாத நடத்தை, சைகை, பாலியல் சாயல் கொண்ட பேச்சு, மேலதிகாரி காட்டும் சலுகை ஆசை, மிரட்டல். சட்டத்தில் இருந்த எல்லாமே வந்துவிட்டது. தமிழும் பிசிறில்லாமல் இருந்ததாக எனக்குத் திருப்தி.

கூட்டத்துக்கு இருபதுக்கும் மேல் பெண்கள் வந்திருந்தார்கள். பெரும்பாலும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் பக்கமிருந்து வருபவர்கள். உள் குழுவில் இருந்த மேடம் என் ஸ்லைடுகளைப் படித்தார். நான் ஓரத்தில் நின்றேன். நாலாவது ஸ்லைடில் ஒரு அக்கா கையைத் தூக்கினார்.

"மேடம், துன்புறுத்தல்னா அடிக்கிறதா?"

"அடிக்கிறது மட்டும் இல்லம்மா. தப்பாப் பேசுறது, தொடுறது, அந்த மாதிரி..."

"சேட்டை பண்றதா?"

அறை முழுக்க ஒரு அசைவு. முதல்முறையாக எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின் வரிசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதுவரை யாரோ ஒரு தேசத்தின் சட்டமாக இருந்தது அந்த ஒரு வார்த்தையில் அவர்கள் வேலை செய்கிற மாடிக்கு வந்துவிட்டது.

எனக்கு அந்த நிமிடத்தில் திண்ணையும் சித்தியும் வெள்ளிக் கையும் நினைவுக்கு வந்தன. இருபது வருடத்துக்கு மேல் கழித்து, ஒரு ஏசி அறையின் ஓரத்தில் நின்றுகொண்டு, அன்றைக்கு அவள் சொன்னது என்ன என்று எனக்குப் புரிந்தது. அதற்கு முன்பு புரியவே இல்லையா, புரிந்தும் நினைக்காமல் இருந்தேனா என்று இப்போதும் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

*

அன்று ராத்திரி அகராதியைத் தோண்ட ஆரம்பித்தேன். சங்கடம் வந்தால் தகவல் தேடுவது என் தொழில் எனக்குக் கொடுத்த பழக்கம்.

சேட்டை, சமஸ்கிருத "சேஷ்டா"விலிருந்து வந்தது. அங்கே அதற்கு அசைவு, செய்கை என்றுதான் பொருள். அதில் கெட்டது ஒன்றுமில்லை. பழைய தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் "அங்கசேஷ்டை"யில் அந்த அசைவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் அது மெல்ல மெல்ல வேண்டாத அசைவு, பொருத்தமில்லாத செய்கை, குறும்பு என்று சாய்ந்துவிட்டது. "மருந்துகிட்ட சேட்டை வச்சுக்காத" என்று எங்கள் ஊரில் சொல்லும்போது மூலப்பொருள் அப்படியே இருக்கிறது. இழுத்தால், தேய்த்தால், தட்டினால் தீப்பிடிக்கும் பொருளுக்கு முன்னால் தேவையில்லாத எந்த அசைவும் சேட்டைதான்.

தமிழில் இன்னொரு சேட்டையும் உண்டு. அது "ஜ்யேஷ்டா", மூத்தவள். திருமகளின் அக்காள், மூதேவி. கேட்டை நட்சத்திரத்தின் பெயரும் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு காலத்தில் அவளுக்கும் கோயிலில் இடம் இருந்தது. திருப்பரங்குன்றம் குடைவரையில் அவள் சிற்பத்தை இன்றும் பார்க்கலாம். பிறகு வழிபாடு போய் வசவு மட்டும் மிஞ்சியது. மலையாளத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். "ஜ்யேஷ்ட"விலிருந்து ஆணுக்கு வந்தது "சேட்டன்", மரியாதையான அண்ணன். பெண்ணுக்கு வந்தது "சேட்ட", வீட்டுக்கு ஆகாதவளைத் திட்டும் சொல்.

இரண்டு சேட்டைக்கும் வேர் வேறு. உச்சரிப்பு ஒன்றானது தற்செயல். ஆனால் அதைப் படித்தபோது எனக்கு அம்மாச்சியின் கேள்விதான் கேட்டது. செய்கை அவனுடையது. "நீ என்ன பண்ண" என்று கேட்கப்பட்டது அவளிடம்.

*

செய்தித்தாளில் இந்தச் சொல்லுக்கு நிலையான இடம் இருக்கிறது. "பாலியல் சேட்டை" என்று தலைப்பு வரும். இல்லாவிட்டால் "சில்மிஷம்". கொஞ்சம் நாகரிகமாக எழுதுபவர்கள் "சீண்டல்" என்பார்கள். மூன்றிலும் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறது. 2013-இல் "சேட்டை" என்ற பெயரிலேயே ஒரு நகைச்சுவைப் படம் வந்தது, யாருக்கும் உறுத்தவில்லை, உறுத்த வேண்டியதும் இல்லை. அந்தச் சொல்லின் வீடு அதுதான். பள்ளிப் பிள்ளையிடம் ஒரு ஆசிரியர் செய்ததற்கும் நான் ஆட்டுக்குட்டியைத் தொட்டியில் இறக்கியதற்கும் ஒரே சொல் இருப்பதுதான் உறுத்துகிறது.

மறுபக்கத்தில் சட்டத்தமிழ் வைத்திருந்தது "மானபங்கம்". 1860-ஆம் வருடத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354-ஆவது பிரிவுக்கு நாம் பழகிய சொல். அதில் சிரிப்பில்லை. ஆனால் பங்கமடைவது அவள் மானம். புகார் கொடுக்கும்போதே தன்னிடமிருந்து ஏதோ போய்விட்டது என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வயதுப் பெண் எங்கள் ஊரில் அந்தச் சொல்லைத் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டு அடுத்த நாள் தெருவில் நடக்க முடியாது. ஒன்று சேட்டை, இல்லையென்றால் மானபங்கம். நடுவில் ஒன்றும் இல்லை.

சித்தி வேலையை விட்ட அதே 1998-இல்தான், சென்னையில் எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, ஆட்டோவில் வந்த ஆண்களின் "விளையாட்டில்" கீழே விழுந்து இறந்துபோனார். தமிழக அரசு அந்த ஆண்டே தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயர் ஈவ் டீசிங் தடைச் சட்டம். செத்துப்போன பிறகும் அது டீசிங்தான், கேலிதான். சில வருடங்கள் கழித்துத்தான் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, பெண்களைத் துன்புறுத்துதல் என்ற பொருளில் சட்டத்தின் பெயரைத் திருத்தினார்கள். 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு எங்கள் பக்கத்து ஊரில் ஆரம்பித்தது. தென்காசிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட காவலரின் பணிநீக்கம் செல்லும் என்று தீர்ப்பளித்த நீதிமன்றம், ஈவ் டீசிங் என்பதே குற்றத்தை மெழுகி மறைக்கும் சொல் என்று குறிப்பிட்டது. 2023-இல் நீதிபதிகளுக்காக உச்ச நீதிமன்றம் வெளியிட்ட கையேட்டில், பயன்படுத்தக் கூடாத சொற்களின் பட்டியலிலேயே அது சேர்ந்துவிட்டது.

சொல் மாறாது என்று சொல்ல முடியாது. நம் கண் முன்னாலேயே "கற்பழிப்பு" பல பத்திரிகைகளில் "பாலியல் வன்கொடுமை" ஆகியிருக்கிறது. அதனால் எனக்கு வேகம் வந்துவிட்டது. சேட்டை என்ற சொல்லையே இந்த இடத்திலிருந்து விரட்ட வேண்டும், அடுத்த கூட்டத்தில் அதற்கென்றே ஒரு ஸ்லைடு போட வேண்டும் என்று முடிவு செய்தேன். "சேட்டை என்று சொல்லாதீர்கள், துன்புறுத்தல் என்று சொல்லுங்கள்." எழுதியும் வைத்துவிட்டேன்.

*

அதற்குள் பொங்கல் வந்தது. ஊருக்குப் போனபோது சாத்தூரில் இறங்கிச் சித்தி வீட்டுக்குப் போனேன். கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் என் ஆபிஸ் கதையைச் சொன்னேன். ஸ்லைடு, கை தூக்கிய அக்கா, எல்லாம். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க அன்னைக்கு அப்படிச் சொல்லாம நேராச் சொல்லியிருந்தா அம்மாச்சி அப்படிக் கேட்டிருக்காது, இல்ல சித்தி?"

சித்தி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு வேற வார்த்தை தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அவன் என்ன பண்ணான்னு எனக்குத் தெரியும்ல. அத அப்படியே சொன்னா என்ன ஆகும்? உங்க தாத்தா அருவாளத் தூக்கிட்டுப் போயிருப்பாக. அவுக ஜெயிலுக்கு, நாங்க தெருவுக்கு. இல்லன்னா, கெட்டுப்போயிட்டான்னு என்னைய வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டியிருப்பாக. சேட்டைன்னு சொன்னா அக்காவுக்குப் புரியும். புரிஞ்சது. மறுநாள் வண்டி ஏற வேண்டாம்னு சொன்னா. எனக்கு அது போதும்."

அவள் அளந்து சொல்லியிருக்கிறாள். இருபது வயதில், முகம் கழுவாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், எந்தச் சொல் எவ்வளவு தூரம் வெடிக்கும் என்று கணக்குப் போட்டு, அக்காவுக்கு மட்டும் கேட்கிற அளவில் ஒன்றை எடுத்திருக்கிறாள். நானோ அவளுக்குச் சொல் தெரியவில்லை என்று இரக்கப்பட்டு ஸ்லைடு தயாரித்துக்கொண்டிருந்தேன்.

"அவன் அதுக்கப்புறம்?"

"அவனுக்கென்ன. அங்கதான் இருந்தான். எனக்கு அடுத்து அந்த ரூம்ல ஒக்காந்த பிள்ளை ரெண்டு மாசத்துல நின்னுட்டா. அவ வீட்ல என்ன சொன்னாளோ."

சின்னச் சொல்லுக்கும் விலை உண்டு என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. அது அவளைக் காப்பாற்றியது, அவனையும் காப்பாற்றியது.

*

அந்த ஸ்லைடை எடுத்துவிட்டேன். பதிலாக வேறொன்று எழுதினேன். சட்டத்தின்படி புகார் எழுத்தில் இருக்க வேண்டும், நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் எழுத முடியாதவருக்கு எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டேன். "உங்களிடம் யாராவது சேட்டை செய்தால் அதே வார்த்தையில் வந்து சொல்லுங்கள். அது சிறிய விஷயம் என்று நாங்கள் நினைக்க மாட்டோம். சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்று எழுதுவது எங்கள் வேலை." சட்டப் பிரிவிலிருந்து ஒரு கேள்வி வந்தது, "சேட்டை" முறையான சொல்லா என்று. இல்லை என்று பதில் எழுதினேன். சுவரில் ஒட்டும் அறிவிப்பில் அது வரவில்லை. கூட்டத்தில் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். சொல்கிறோம்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும், முதலாளி மீதே புகார் என்றாலும், மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு இருக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. திண்டுக்கல்லில் ஒரு ஆடை ஆலைத் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, 2022-இல் பெண்கள் நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று நிர்வாகத்தையும் வெளிநாட்டு நிறுவனங்களையும் உட்கார வைத்து ஒப்பந்தம் போட்டிருக்கிறது. வேலை செய்யும் பெண்களிலிருந்தே ஆட்களைப் பயிற்றுவித்து, தளத்திலேயே கவனிக்க வைப்பது அதில் ஒரு பகுதி. புகாரைக் கேட்பவளும் அதே மொழி பேசுபவளாக இருந்தால் எந்தச் சொல்லில் சொல்வது என்ற பாரம் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன். தள்ளித் தள்ளிக் கட்டிய வெடி ஆபிஸ் அறைகளுக்குள் அது எப்படிப் போய்ச் சேரும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கூலியை எண்ணுகிற கையும் வாசலில் வந்து நிற்கிற ஆளும் ஒருவராகவே இருக்கும்வரை கஷ்டம்தான்.

அன்று சாத்தூரில் பஸ் ஏற்றிவிடச் சித்தியும் கூட வந்தாள். வண்டி கிளம்பும் நேரம் ஜன்னலோரம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அன்னைக்குச் சிரிச்ச. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சித்தி."

"சின்னப் பய, ஒனக்கென்ன தெரியும்" என்றாள். கையை உடனே விடவில்லை.